விடுதி அறையிலிருந்து ரோபோ அணிக்கு வழிகாட்ட ஆன்ஷேப்: ஒரு மதிப்புரை

பள்ளி மாணவர் அணிகள் ரோபோ கட்டி மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் பங்கேற்றவர்கள், கல்லூரியில் சேர்ந்ததும் பழைய அணிக்கே மென்டராக, அதாவது வழிகாட்டியாக, திரும்புவது அமெரிக்காவில் பரவலான வழக்கம். முதலாண்டில் மட்டும் அந்த ஆசையை ஒத்திவைக்குமாறு மூத்தவர்கள் பலர் சொல்வதற்குக் காரணம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. அந்த ஆண்டு ரோபோக்கள் ஆட வேண்டிய ஆட்டம் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையன்று அறிவிக்கப்படுகிறது; கல்லூரியின் இரண்டாம் பருவமும் அதே மாதத்தில் தொடங்குகிறது; மார்ச்சில் போட்டிகள் சூடுபிடிக்கும்போது இடைப்பருவத் தேர்வுகளும் வந்து நிற்கின்றன. அறிவுரையைப் பொருட்படுத்தாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நான், பட்டறையிலிருந்து வெகு தொலைவில், புதிய ஊரும் புதிய அறைத்தோழரும் பழகுவதற்குள்ளாகவே சார்ந்திருக்க நேர்ந்த மென்பொருள்தான் ஆன்ஷேப். இந்த மதிப்புரை அதை ஒரு தொழில்முறைப் பொறியாளரின் கண்ணால் அளப்பதில்லை. தொலைவிலிருக்கும் கல்லூரி மாணவ மென்டருக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதே என் கேள்வி.

ஆன்ஷேப் என்பது உலாவியிலேயே இயங்கும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள். பரவலாகப் புழங்கும் வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸை 1993-இல் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக், பிற்பாடு அதே துறையில் தம் பழைய படைப்புக்கே போட்டியாக 2012-இல் நிறுவிய நிறுவனம் இதை உருவாக்கியது. 2019-இல் பிடிசி என்னும் மென்பொருள் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கல்விக் கணக்கு இலவசம். நிறுவ வேண்டியது எதுவுமில்லை என்பதால், பள்ளி கொடுத்த குரோம்புக் மடிக்கணினியில் ஒரு மாணவி வரைவதை, வகுப்புக்குச் செல்லும் பேருந்தில் கைபேசிச் செயலியைத் திறந்து நான் பார்க்க முடியும். விண்டோஸ் கணினி மட்டுமே ஏற்கும் சாலிட்வொர்க்ஸில் இது நடவாது.

ஒரே ஆவணத்தில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்பதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. எனக்கு அதைவிடப் பயன்பட்டவை வேறு இரண்டு. முதலாவது, மாற்றங்களின் வரலாறு: யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது வரிசையாகப் பதிவாகிறது, வேண்டிய இடத்தில் ‘பதிப்பு’ ஒன்றை உருவாக்கிவிட்டால் அதை எவராலும் திருத்த முடியாது, அங்கிருந்து கிளை பிரித்து, மூலத்தைத் தொடாமல் வேறொரு யோசனையைச் சோதிக்கலாம். தேர்வு வாரத்தில் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டுத் திரும்பும் மென்டருக்கு, அணி எந்த வழியாக இந்த இடத்துக்கு வந்தது என்பதை யாரையும் விசாரிக்காமல் படித்துத் தெரிந்துகொள்ள முடிவது சாதாரண வசதியல்ல.

இரண்டாவதும் என் கணிப்பில் முதன்மையானதுமான வசதி, பகிர்வு உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க முடிவது. அணியின் ஆவணத்தில் எனக்குத் திருத்தும் உரிமை வேண்டாம், பார்க்கவும் கருத்திடவும் மட்டும் அனுமதித்தால் போதும் என்று கேட்டுப் பெற்றேன். போன ஆண்டு வரை அதே மேசையில் வரைந்துகொண்டிருந்தவனுக்கு, தவறான துளையைப் பார்த்ததும் கை தானாகவே சுட்டிக்குப் போகும். நள்ளிரவில் நான் சரிசெய்துவிட்டால் ரோபோ சரியாகிவிடும், வரைந்த மாணவர் எதையும் கற்றிருக்கமாட்டார். திருத்த முடியாத நிலையில் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓர் எடுத்துக்காட்டு: பெல்ட்டால் இணையும் இரண்டு புல்லிகளுக்கு இடையிலான மையத் தொலைவு வெறும் எண்ணாகத் தட்டப்பட்டிருந்தது. 5 மி.மீ. பற்களிடைத் தொலைவு கொண்ட பெல்ட்டில், பெல்ட்டின் பற்களையும் புல்லிகளின் பற்களையும் முடிவுசெய்துவிட்டால் அந்தத் தொலைவு தானாகவே தீர்மானமாகிவிடும். நம் விருப்பத்துக்கு வைக்க இடமில்லை. அந்த இடத்திலேயே குறியிட்டு, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் எழுதினேன். மறுநாள் அந்த எண்ணின் இடத்தில், மாறி (variable) ஒன்றில் எழுதப்பட்ட கணக்கு இருந்தது. அதற்கடுத்த கியர்பாக்ஸில் நான் கேட்காமலே அப்படி வந்தது. அழைப்பில் பேசும் நேரங்களில், இன்னொருவரின் திரைப்பார்வையை அப்படியே பின்தொடரும் வசதி உதவியது. “இடது பக்கம், இல்லை, அதற்குக் கீழே” என்று தொலைபேசியில் தடுமாற வேண்டியதில்லை.

எம்கேகேட் என்னும் பாகநூலகத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். இந்தப் போட்டியில் புழங்கும் மோட்டார்கள், சக்கரங்கள், அரை அங்குல அறுகோணத் தண்டுக்கான பேரிங்குகள் எனக் கடையில் வாங்கக்கூடியவற்றின் வடிவங்களை அதிலிருந்து எடுத்து நேரே பொருத்திக்கொள்ளலாம். புதிய மாணவர்கள் வாங்கவே முடியாத அளவுகளில் பாகங்களை வரைவது இதனால் பெரிதும் குறைகிறது.

குறைகளுக்கு வருவோம். இணையம் இல்லையென்றால் ஆன்ஷேப் இல்லை. கணினியில் சேமித்து வைத்துக்கொண்டு பயணத்தில் தொடரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரங்கில் நெரிசலான இணைப்பை நம்பியிருக்க வேண்டிய போட்டி நாட்களில், பட்டறை வரைபடங்களை முன்கூட்டியே தாளில் அச்சிட்டுக்கொள்வது நல்லது. முழு ரோபோவையும் ஒன்றிணைக்கும் பெரிய அசெம்பிளி, வலுக்குறைந்த கணினியில் மெதுவாகத்தான் சுழலும். இயக்கத் தளம், தூக்கி, பந்து உள்வாங்கி எனப் பிரித்து வைத்திருந்தால் சமாளிக்கலாம். கணக்கின் வகையிலும் கவனம் தேவை: பொதுவான இலவசக் கணக்கில் உருவாக்கும் ஆவணங்கள் எவரும் காணும்படி வெளிப்படையானவை. மாணவர்களும் மென்டரும் கல்விக் கணக்கிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கருத்துப் பகுதி பள்ளி மாணவர்களுக்குச் சற்றுக் கடுமையாகத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். நேரில் கேட்கும் கேள்வி முகபாவனையோடு வரும்; இங்கே அது வெறும் எழுத்தாக வருகிறது. ஒரே இரவில் பத்துக் குறிப்புகளைக் கண்ட மாணவர் மறுநாள் கோப்பைத் திறக்கவே தயங்குவார். இது மென்பொருளின் குற்றமில்லை என்றாலும், வாரம் ஒருமுறையாவது குரல் அழைப்பில் பேசாமல் ஆன்ஷேப் கருத்துகளை மட்டுமே கொண்டு ஓர் அணியை நடத்திவிடலாம் என்று நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கல்லூரியின் பொறியியல் பாடங்களில் சாலிட்வொர்க்ஸோ வேறு மென்பொருளோ கட்டாயமாக இருக்கலாம்; இரண்டின் விசைப்பலகைக் குறுக்குவழிகளும் குழம்பும் முதல் சில வாரங்கள் எரிச்சலூட்டும். பட்டறைக்கு அன்றாடம் நடந்தே போகக்கூடிய தொலைவில் கல்லூரி அமைந்தவர்களுக்கு, அணி ஏற்கெனவே நன்றாகக் கையாளும் மென்பொருளைக் கைவிட்டு இதற்கு மாறப் போதிய காரணம் இல்லை. வேறு ஊருக்குப் படிக்கப் போகும் மென்டர் உள்ள அணியோ, ஜனவரி வரை காத்திராமல் செப்டம்பரிலேயே பழைய ரோபோவின் ஒரு பகுதியை இதில் வரைந்து பழகிக்கொள்வது நல்லது. அறிவிப்பு வெளியான பிறகு மென்பொருள் கற்க எவருக்கும் நேரம் இருக்காது.