காலண்டரை ஏஐ ஆட்டோமேஷனோடு இணைத்து ஒன்றரை வருடம்: எது நிலைத்தது, எதைக் கழற்றினேன்

ஒன்றரை வருடமாக என் காலண்டர் ஒரு ஏஐ ஒர்க்ஃப்ளோவோடு, அதாவது தானாக ஓடும் வேலைத்தொடரோடு, இணைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வாரத்தில் எழுத உட்கார்ந்திருந்தால் முழுக்கப் புகழ்ந்திருப்பேன், மூன்றாவது மாதத்தில் என்றால் யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று எழுதியிருப்பேன். இரண்டு கட்டத்தையும் தாண்டி வந்த பிறகு எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

நான் தனி ஆளாக ஆலோசனை வேலை செய்கிறேன். வாரத்துக்கு இருபது, இருபத்தைந்து அழைப்புகள், பேசுகிறவர்கள் நாலைந்து டைம் ஸோன்களில் இருப்பவர்கள். பேசுவது எனக்குப் பாரமே இல்லை. அதைச் சுற்றியிருக்கும் சில்லறை வேலைதான் பாரம்: போன தடவை என்ன பேசினோம் என்று தேட வேண்டும், நினைவூட்டல் அனுப்ப வேண்டும், நேரத்தை மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டும், முடிந்ததும் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்தான் என்றாலும் எல்லாம் சேர்ந்து தினமும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

அமைப்பு எளிமையானதுதான். ஆட்கள் புக்கிங் பக்கத்தில் நேரம் எடுப்பார்கள், அது காலண்டரில் விழும், விழுந்ததும் ஒரு வெப்ஹூக் (ஏதாவது நடந்தால் தானாகப் போகும் அறிவிப்பு) ஆட்டோமேஷன் கருவியைத் தட்டும், அந்தக் கருவி தேவையான தகவலைத் திரட்டி மொழி மாதிரியிடம் (எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ, ஆங்கிலத்தில் லாங்குவேஜ் மாடல்; கீழே சுருக்கமாக மாதிரி) கொடுக்கும், வருகிற பதிலை மின்னஞ்சலாகவோ குறிப்பாகவோ மாற்றி வைக்கும். ஜேப்பியர், மேக், என்8என் என்று கருவிகள் பல இருக்கின்றன. நான் எதை வைத்திருக்கிறேன் என்பது இங்கே முக்கியமில்லை, கீழே சொல்லும் சிக்கல்கள் எதை எடுத்தாலும் ஏதோ ஒரு வடிவத்தில் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் அரை மணி நேரம் முன்பு எனக்கு ஒரு சின்னக் குறிப்பு வரும். அந்த நபரோடு கடைசியாகப் பேசியது எப்போது, அப்போது நான் என்ன செய்து தருவதாகச் சொன்னேன், அவர் என்ன செய்வதாகச் சொன்னார், இடையில் வந்த மின்னஞ்சல்களில் என்ன மாறியிருக்கிறது, புக்கிங் படிவத்தில் அவர் எழுதியிருப்பது எதைப் பற்றி, எல்லாம் பத்து வரிக்குள். இந்த ஒன்றுக்காகவே முழு அமைப்பையும் வைத்துக்கொள்வேன். "போன மாதம் நீங்கள் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று நான் தொடங்கும்போது எதிரில் இருப்பவரின் குரலே மாறுகிறது. முன்பெல்லாம் முதல் ஐந்து நிமிடம் பழைய கதையை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே கழியும். இதை ஏஐ நன்றாகச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது: சிதறிக் கிடக்கும் எழுத்தைப் படித்துச் சுருக்குவதுதான் வேலை, தவறினாலும் அந்தத் தவறு என் கண்ணுக்கு மட்டும்தான் வரும்.

ஆரம்பத்தில் இந்த எல்லையை நான் மதிக்கவில்லை. சுருக்கம் இவ்வளவு நன்றாக வருகிறதே, நேரம் மாற்றுவதையும் அதனிடமே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். யாராவது "நேரம் மாற்ற முடியுமா" என்று மின்னஞ்சல் போட்டால் மாதிரி அதைப் படித்து, புதிய நேரத்தைப் புரிந்துகொண்டு, காலண்டரில் மாற்றி, உறுதிப்படுத்தல் அஞ்சலும் அனுப்பிவிடும். இரண்டு மாதம் அழகாக ஓடியது. அப்புறம் ஒருவர் புதன்கிழமை அன்று "அடுத்த வெள்ளி மதியம் வைத்துக்கொள்ளலாமா" என்று எழுதினார். வருகிற வெள்ளி என்றால் நாளை மறுநாள், அடுத்த வெள்ளி என்றால் பெரும்பாலும் அதற்கும் அடுத்த வாரம், ஆனால் எல்லோரும் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை. அவர் நாளை மறுநாளைத்தான் சொல்லியிருந்தார். மாதிரி அடுத்த வாரத்தில் போட்டு, "நன்றி, மாற்றிவிட்டேன்" என்று தேதியே குறிப்பிடாமல் ஒரு பதிலும் அனுப்பிவிட்டது. அந்த மனிதர் வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் அழைப்பில் தனியாகக் காத்திருந்தார். நான் அதே நேரத்தில் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு லாக்கை (நடந்தவற்றின் பதிவேட்டை) திறந்து பழையதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொழி மாதிரிக்கு இன்று என்ன தேதி, என்ன கிழமை என்பது தானாகத் தெரியாது, அதற்குக் கொடுக்கும் பிராம்ப்டில், அதாவது கட்டளையில், நாம் சொன்னால்தான் உண்டு. நான் தேதியைக் கொடுத்திருந்தேன், கிழமையைக் கொடுக்கவில்லை. தேதியிலிருந்து கிழமையைக் கணக்கிடுவதை அதனிடமே விட்டிருந்தேன், இது அது அடிக்கடி சறுக்கும் இடம். கிழமையையும் சேர்த்த பிறகு தவறு குறைந்தது, நிற்கவில்லை, ஏனென்றால் "அடுத்த வெள்ளி" என்ற சொல்லிலேயே இரண்டு பொருள் இருக்கிறது. மனிதரே திருப்பிக் கேட்க வேண்டிய இடம் அது.

இப்போது நான் வைத்திருக்கும் முறை இதுதான். மாதிரி அஞ்சலைப் படித்து, இது நேர மாற்றக் கோரிக்கையா இல்லையா என்று சொல்லும், நேரத்தைக் குறிக்கும் சொற்களை அப்படியே எடுத்துக் கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. தேதி கணக்கிடுவது சாதாரண நிரல். காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது காலண்டரின் ஏபிஐ, அதாவது நிரல்கள் காலண்டரோடு பேசும் வழி. பிறகு அவருக்கு "அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, உங்கள் நேரப்படி மாலை 4 மணி, சரியா?" என்று முழுத் தேதியோடு ஒரு கேள்வி போகும். இரண்டு பொருள் வரும் இடத்தில் இரண்டு தேதியையும் கொடுத்துவிடும். அவர் ஒன்றை அழுத்தினால்தான் காலண்டர் மாறும். வேகம் கொஞ்சம் குறைந்தது, அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தனியாகக் காத்திருக்கவில்லை. மொழியை ஏஐயிடம் கொடுங்கள், கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள். இந்த அனுபவத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

கடிகாரம் என்று சொன்னதும் டைம் ஸோன். மனிதர் ஒருவரின் நேரத்தை "யூடிசி கூட்டல் ஒன்று" (உலகப் பொது நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே) என்று எண்ணாகச் சேமித்து வைத்தால் அது பாதி வருடம்தான் சரியாக இருக்கும். 2025இல் அமெரிக்காவில் மார்ச் 9 அன்று கடிகாரத்தை முன்னே நகர்த்தினார்கள், ஐரோப்பாவில் மார்ச் 30 அன்று. இடைப்பட்ட மூன்று வாரமும் இரண்டு பக்கத்துக்கும் இடையே வழக்கமாக இருக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் மாறியிருக்கும். வாராந்தர அழைப்புகள் வைத்திருப்பவர்கள் இந்த மூன்று வாரத்தில்தான் அடிபடுவார்கள். எண்ணைச் சேமிக்காமல் "ஐரோப்பா/பெர்லின்" என்பது போன்ற ஸோன் பெயரைச் சேமிக்க வேண்டும், அந்தப் பெயருக்குப் பின்னால் எந்தத் தேதியில் என்ன வித்தியாசம் என்ற முழுப் பட்டியலும் இருக்கிறது, அதைப் பொதுவில் பராமரித்து வருகிறார்கள். மாதிரியிடம் "இதை அவர் நேரத்துக்கு மாற்று" என்று சொல்லிவிட்டு நம்புவது வேண்டாம். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்லும், தவறான அந்த ஒன்றையும் அதே உறுதியோடுதான் சொல்லும்.

முழுநாள் நிகழ்வுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. காலண்டர்கள் தமக்குள் தகவல் பரிமாறும் ஐகாலண்டர் வடிவத்தில், 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின் விதிப்படி, முடிவுத் தேதி கணக்கில் சேராது. 10, 11 இரண்டு நாள் விடுப்பு என்றால் உள்ளே 10இல் தொடங்கி 12இல் முடிவதாக எழுதியிருக்கும். இந்தத் தரவை அப்படியே மாதிரியிடம் கொடுத்தேன், அது நான் மூன்று நாள் விடுப்பில் இருப்பதாக எல்லோருக்கும் எழுதியது. கொடுப்பதற்கு முன்பே முடிவுத் தேதியில் ஒரு நாளைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது சுழல். மாதிரி எழுதிய சுருக்கத்தைக் காலண்டர் நிகழ்வின் விளக்கப் பகுதியிலேயே சேமித்து வைத்தேன், திறந்தால் அங்கேயே தெரியுமே என்று. நிகழ்வில் ஒரு மாற்றம் நடந்ததால் வெப்ஹூக் மறுபடி தட்டியது, ஆட்டோமேஷன் மறுபடி சுருக்கம் எழுதியது, அது இன்னொரு மாற்றம். காலையில் எழுந்து பார்த்தால் ஒரே நிகழ்வுக்கு நூற்றுக்கணக்கான ஓட்டங்கள், மாதத்துக்கான பயன்பாட்டு வரம்பில் பெரும்பகுதி ஒரே இரவில் தீர்ந்திருந்தது. கூகுள் காலண்டரில் நிகழ்வோடு சேர்த்து, பயனர் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் பண்புகளை வைக்க இடமுண்டு. அதில் "இது நான் எழுதியது" என்று ஓர் அடையாளமும், தொடக்க நேரம், பங்கேற்பவர்கள் ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்கக் குறியும் (அவை மாறினால் குறியும் மாறும்) வைத்துவிட்டேன். அவை மாறாமல் விளக்கம் மட்டும் மாறியிருந்தால் ஒர்க்ஃப்ளோ முதல் படியிலேயே நின்றுவிடும்.

இதைப் போலவே, நேரத்தை மாற்றுவதைச் சில புக்கிங் சேவைகள் ஒரு ரத்தாகவும் ஒரு புதிய பதிவாகவும் இரண்டு செய்தியாக அனுப்பும். கவனிக்காமல் விட்டால் ஆள் நேரத்தை மட்டும் மாற்றியிருப்பார், அவருக்கு "நீங்கள் ரத்து செய்தது வருத்தமளிக்கிறது" என்று ஓர் அஞ்சல் போய்விடும். ரத்துச் செய்தி வந்தால் இரண்டு நிமிடம் பொறுத்திருந்து, அதே நபரிடமிருந்து புதிய பதிவு வருகிறதா என்று பார்த்த பிறகே எதையும் அனுப்புகிறேன்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது சத்தமில்லாமல் நின்றுபோவதுதான். காலண்டர் அறிவிப்பு இணைப்புகளுக்கு ஆயுள் உண்டு. கூகுள் காலண்டரில் அறிவிப்புச் சேனல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, காலம் முடிவதற்குள் நாம்தான் புதிதாகப் போட வேண்டும். முடிந்துவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, வெறுமனே எதுவும் வராது. வெப்ஹூக்கை நேரடியாக எழுதியிருந்த நான் இதைக் கவனிக்காமல் ஒன்றரை நாள் "இன்று அமைதியாக இருக்கிறதே" என்று இருந்துவிட்டேன். இன்னொரு விஷயம், அந்த அறிவிப்பில் என்ன மாறியது என்ற விவரமும் இருக்காது, ஏதோ மாறியது என்பது மட்டும்தான். கடைசியாக எதுவரை பார்த்தோம் என்பதைக் குறிக்கும் சிங்க் டோக்கன் என்ற குறியீட்டைக் கொடுத்து நாம்தான் மாற்றங்களைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த டோக்கன் செல்லாமல் போனால் 410 என்ற பிழை எண் பதிலாக வரும், அப்போது முழுவதையும் மறுபடி இறக்க வேண்டும். தயார்க் கருவிகளின் இணைப்பைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனாலும் ஒரு நாடித்துடிப்பு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரு பொய் நிகழ்வை உருவாக்கி, ஒர்க்ஃப்ளோ அதைப் பார்த்ததா என்று சோதிக்கிறேன். பார்க்கவில்லை என்றால் என் போனுக்கு எச்சரிக்கை வரும். ஒரு மணி நேரத்தில் போட்ட இந்தச் சின்னச் சோதனைதான் என்னை நிம்மதியாகத் தூங்க விடுகிறது.

பாதுகாப்பைப் பற்றி நான் தாமதமாகத்தான் யோசித்தேன். காலண்டருக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தை அனுப்பலாம், ஓர் இன்வைட் போட்டால் போதும். அந்த எழுத்தை ஏஐ படிக்கிறது என்றால், அதற்குள் ஒளித்து வைத்த கட்டளையையும் படிக்கும். 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காலண்டர் இன்வைட்டுக்குள் வைத்த வரிகளால் கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினியை வேறு செயல்களைச் செய்ய வைக்க முடியும் என்று காட்டினார்கள், கூகுளும் அதற்குப் பாதுகாப்புகளைச் சேர்த்தது. அன்றே உட்கார்ந்து என் அமைப்பை இரண்டாக வெட்டினேன். வெளியாட்களின் எழுத்தைப் படிக்கும் பகுதிக்குக் காலண்டரைப் படிக்கும் அனுமதி மட்டும் உண்டு, எழுதும் அனுமதியும் அஞ்சல் அனுப்பும் அனுமதியும் இல்லை. அது குறிப்பிட்ட சில புலங்கள் மட்டும் கொண்ட ஜேசானை (நிரல்கள் படிக்கும் ஒரு தரவு வடிவம்) தரும், அந்த வடிவத்துக்குப் பொருந்தாத எதையும் அடுத்த படி தூக்கி எறிந்துவிடும். பங்கேற்பவர்களின் தகவல் ஒரு மொழி மாதிரிக்குப் போகிறது என்பதைப் புக்கிங் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன், வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு பேர் அதை அழுத்தியிருக்கிறார்கள், அவர்களுக்கான குறிப்பை நானே எழுதுகிறேன்.

முற்றிலுமாகக் கழற்றியது ஒன்று உண்டு. என் வேலைப் பட்டியலை ஏஐயே காலண்டரின் காலி இடங்களில் நிரப்பி, ஏதாவது மாறினால் அன்றைய திட்டத்தை மறுபடி அடுக்கும் வசதி. மூன்று வாரம் முயன்றேன். காலையில் பார்த்த நாள் மதியத்தில் வேறாக இருந்தது. எனக்கு அது ஒத்துவரவில்லை, சிலருக்கு ஒத்துவரலாம்.

கணக்குப் பார்த்தால் அந்தத் தினசரி ஒன்றரை மணி நேரம் இப்போது இருபது நிமிடத்துக்கு வந்திருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு அழைப்புகள் மட்டும் உள்ளவர்கள் இவ்வளவு கட்டவே வேண்டாம், ஒரு புக்கிங் பக்கமும் அதில் வரும் தானியங்கி நினைவூட்டலும் போதும். அதற்கு மேல் போகிறவர்கள் முதலில் அழைப்புக்கு முந்தைய குறிப்பை மட்டும் வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், எழுதும் அனுமதி எதற்கும் கொடுக்காமல்.

மூன்று நான்கு பேரைச் சேர்த்து ஒரு நேரம் பிடிப்பது மட்டும் இன்னும் கைவேலைதான். ஆளுக்கு ஒரு காலண்டர், அதில் இருவர் தங்கள் காலி நேரத்தைப் பகிர்வதில்லை, ஒருவர் "நான் பார்த்துச் சொல்கிறேன்" என்பார். அவரிடம் நான் போனில்தான் கேட்கிறேன்.