ஸ்பெஷல் டீம்ஸை எதை வைத்து எடைபோடுவது? ரேவன்ஸைப் பல சீசன் பார்த்த அனுபவம்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை உதைக்கும், உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஆட்டங்களுக்கென்று இறங்கும் பிரிவுதான் ஸ்பெஷல் டீம்ஸ். 2010-இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி யார்டு கணக்கில் அஃபென்ஸிலும் (தாக்குதல்) முதலிடம், டிஃபென்ஸிலும் (தடுப்பு) முதலிடம். ஆனாலும் பிளேஆஃபுக்குப் போகவில்லை. சியாட்டிலில் எதிரணியின் லியான் வாஷிங்டன் ஒரே ஆட்டத்தில் இரண்டு கிக்ஆஃப்களை (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதைகள்) பிடித்து, எல்லைக்கோடு தாண்டி டச்டவுன் வரை கொண்டுபோய்விட்டார், சார்ஜர்ஸுக்கு 27-20 என்று தோல்வி. ஓக்லாண்டில் ஆரம்ப நிமிடங்களிலேயே அவர்களின் இரண்டு பன்ட்கள் (தாக்குதல் முடங்கும்போது பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துவிடுவது) தடுக்கப்பட்டன. ஸ்பெஷல் டீம்ஸ் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த சீசனைத்தான்.

இதற்கு நேர் எதிரான அணி பால்டிமோர் ரேவன்ஸ். 2008-இல் தலைமைப் பயிற்சியாளராக வந்த ஜான் ஹார்பா, அதற்கு முன் ஈகிள்ஸ் அணியில் பல வருடம் ஸ்பெஷல் டீம்ஸைப் பார்த்துக்கொண்டவர். அந்த அக்கறை களத்தில் தெரிந்தது.

எல்லோரும் முதலில் பார்ப்பது ஃபீல்ட் கோல் சதவீதம், அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சிகளில் எத்தனை வெற்றி என்பது. அது பாதிக் கதைதான். 2021-இல் டெட்ராய்டில் ரேவன்ஸின் ஜஸ்டின் டக்கர் உதைத்த 66 யார்டு கோல், குறுக்குக் கம்பத்தில் பட்டு எகிறி உள்ளே விழுந்தது. அப்போது அதுவே அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் சாதனை. அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, உதைக்கப் பந்தைப் பிடித்து நிறுத்தும் சாம் குக்கின் கைகளைப் பாருங்கள். ஸ்னாப் (பந்தைப் பின்னால் அவரிடம் எறிவது) கிளம்பி உதை விழும் வரை ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். அதற்குள் பந்தைப் பிடித்து, நட்டு, தையல் கம்பத்தைப் பார்க்கும்படி திருப்பிவிட வேண்டும். சதவீதம் முழுக்க டக்கர் பெயரில் ஏறுகிறது. குக்குக்கோ ஸ்னாப்பருக்கோ அதில் ஒரு வரிகூட இல்லை.

பன்டில் மொத்த யார்டு பெரிதாக ஏமாற்றும். 50 யார்டு உதைத்து 15 யார்டு ரிட்டர்ன் கொடுத்தால் நிகரம் 35. 44 யார்டு உதைத்து, ஓட வழியில்லாமல் எதிரணி ஃபேர் கேட்ச் (ஓடாமல் அங்கேயே பிடித்துக்கொள்வது) கேட்டால் நிகரம் 44. அதனால் நான் நிகரத்தை மட்டும்தான் பார்க்கிறேன். பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போய் டச்பேக் ஆனால் 20 யார்டு கழித்துவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சீசன் முழுவதற்கும் விளையாட்டுப் பத்திரிகையாளர் ரிக் காஸ்லின் 22 அம்சங்களை வைத்துப் போட்டுவந்த தரவரிசை உதவியாக இருந்தது. பயிற்சியாளர்களே மதித்த பட்டியல் அது. என் ஒரே குறை, எல்லா அம்சத்துக்கும் ஒரே எடை. தடுக்கப்பட்ட ஒரு பன்ட் ஆட்டத்தையே புரட்டிப்போடும். கிக்ஆஃப் ரிட்டர்ன் சராசரி அப்படிச் செய்யாது.

அப்புறம் 2024-இல் கிக்ஆஃப் விதியே மாறிவிட்டது. அதற்கு முந்தைய ரிட்டர்ன் எண்களோடு இப்போதையதை ஒப்பிடாதீர்கள். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, பன்டின்போது கேமரா பந்தின் பின்னால் போனாலும் பந்தைப் பிடிப்பவரை மடக்க ஓரத்தில் ஓடிவரும் கன்னரைத் தேடுங்கள். இரண்டு பேர் மறித்தும் அவர் நேரத்துக்கு வந்து நின்றால்தான் எதிரணி ஃபேர் கேட்ச் கேட்கும். வழக்கமான ஆட்டப் புள்ளிவிவரத்தில் அவர் பெயர் வராது.