லீஸ் நீட்டிப்பு: நோட்டீஸ் கொடுப்பதா, பேசி முடிப்பதா, காத்திருப்பதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (கட்டடம் வேறொருவருடையது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான லீஸ் மட்டும் நமக்கு) வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டிய எண் 80. லீஸில் 80 ஆண்டுக்கு மேல் மிச்சம் இருந்தால் நீட்டிக்கும் விலை ஒரு கணக்கு. அதற்குக் கீழே போனால் ‘மேரேஜ் வேல்யூ’ சேரும். அதாவது, நீட்டிப்பதால் ஃபிளாட்டுக்குக் கூடும் மதிப்பில் கட்டடச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரின் இழப்பைக் கழித்து, மிச்சத்தில் பாதியையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் கவுன்சில் 125 ஆண்டு லீஸில் விற்ற ஃபிளாட்டுகள் இப்போது அந்த விளிம்புக்கு வந்திருக்கின்றன. அவற்றைக் கைமாற்றி வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் லண்டனில் நிறைய.

ஒரு மாதிரிக் கணக்கு. நீண்ட லீஸோடு 3,00,000 பவுண்டு பெறும் ஃபிளாட், ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) ஆண்டுக்கு 100 பவுண்டு. 82 ஆண்டு மிச்சமிருந்தால், எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வழக்கமான விகிதங்களில் (ஃபிளாட்டுக்கு 5 சதவீதம், கிரவுண்ட் ரென்ட்டுக்கு 6) விலை சுமார் 7,100 பவுண்டு. 78 ஆண்டுதான் மிச்சம், அந்த நிலையில் ஃபிளாட்டின் மதிப்பு 2,75,000 என்று வைத்துக்கொண்டால் சுமார் 16,600. நான்கு ஆண்டுத் தாமதத்தில் விலை இரட்டிப்புக்கும் மேல்.

லீஸை நீட்டிக்கும் உரிமை தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுத்து முடித்தால் மிச்சமுள்ள ஆண்டுகளோடு 90 ஆண்டு சேரும், புதிய லீஸ் கையெழுத்தானதும் கிரவுண்ட் ரென்ட் ஒழியும். நோட்டீஸ் கொடுத்த தேதியிலேயே கணக்கு நின்றுவிடும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு பேச்சு ஒரு வருடம் இழுத்தாலும் 80க்குக் கீழே இறங்கிவிட்டீர்கள் என்று யாரும் கூடுதலாகக் கேட்க முடியாது. விலை ஒத்துவராவிட்டால் ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) தீர்மானிக்கும். ஃபிளாட்டை வாங்கி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

செலவு உண்டு. உங்கள் சர்வேயர், சொலிசிட்டர் கட்டணத்தோடு ஃப்ரீஹோல்டரின் நியாயமான மதிப்பீட்டு, சட்டச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். இந்தச் செலவைக் காட்டித்தான் ஃப்ரீஹோல்டர்கள் நேரடிப் பேரத்துக்கு அழைக்கிறார்கள். “99 ஆண்டாக்கித் தருகிறோம், சீக்கிரம் முடியும்” என்று கடிதம் வரும். அந்த 99ஐ நிதானமாகப் படியுங்கள். 75 ஆண்டு மிச்சமிருப்பவருக்கு அதில் கிடைப்பது 24 ஆண்டுதான். சட்ட வழியில் போயிருந்தால் 165 ஆகியிருக்கும். பழைய லீஸ் முடியவேண்டிய நாள்வரை கிரவுண்ட் ரென்ட் தொடரவும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கையெழுத்தாகும்வரை ஃப்ரீஹோல்டர் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அதற்குள் உங்கள் லீஸ் 80க்குக் கீழே இறங்கினால் கேட்க நாதியில்லை. அவருடைய வக்கீல் செலவையும் பெரும்பாலும் உங்களிடமே கேட்பார்கள், அதற்கு நியாயமான அளவு என்ற வரம்பும் கிடையாது.

பேசி முடிப்பது நல்லதாக அமைவது, கட்டடத்தின் ஃப்ரீஹோல்ட் அங்கே குடியிருப்பவர்களிடமே இருக்கும்போது. அங்கே ஒருவருக்கொருவர் 999 ஆண்டு எழுதிக்கொள்ளலாம், பெரும்பாலும் வக்கீல் கட்டணம் மட்டும்தான். மற்ற இடங்களில் என் யோசனை, முதலில் நோட்டீஸ், பிறகு பேரம். நோட்டீஸ் கொடுத்த பிறகும் தாராளமாகப் பேசலாம், பெரும்பாலான வழக்குகள் ட்ரிப்யூனல் படியேறாமலே முடிகின்றன.

மூன்றாவது வழி, புதிய சட்டம் முழுதாக வரும்வரை பொறுப்பது. 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பு தருகிறது, மேரேஜ் வேல்யூவை நீக்குகிறது. ஆனால் அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வர அரசு தனியே ஆணை பிறப்பிக்க வேண்டும். 65 ஆண்டு மிச்சம், இப்போதைக்கு விற்கவோ ரீமோர்ட்கேஜ் எடுக்கவோ போவதில்லை என்றால் பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது. நடைமுறைக்கு வந்தால் லாபமடைபவர் அவர்தான். 95 ஆண்டு இருப்பவருக்கும் அவசரமில்லை. 81, 82இல் நிற்பவர் மட்டும் இந்தச் சூதாட்டத்துக்குப் போகவே கூடாது. விற்கப் போகிறவரும் காத்திருக்க முடியாது, ஏனென்றால் ஆண்டு குறைந்த லீஸுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும்.

நோட்டீஸ் வழியில் கெடுவைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஃப்ரீஹோல்டர் பதில் நோட்டீஸ் தர குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். பதில் வந்து விலை ஒத்துவராவிட்டால், அது வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ட்ரிப்யூனலில் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நோட்டீஸ் செல்லாது, 12 மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். நிறுத்தி வைத்த கணக்கும் போய்விடும். வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்த அதே சொலிசிட்டரிடம் பழக்கத்துக்காகப் போகாமல், லீஸ் நீட்டிப்பையே தொழிலாகச் செய்பவரிடம் போங்கள். அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸில் இலவசமாக ஆலோசனை கேட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.