தேர்தல்ல நிக்க ஒருத்தருக்கு தகுதி இருக்கான்னு யார் சொல்லணும், ஜட்ஜா ஓட்டரா?

2019 டிசம்பர்ல ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தப்ப எங்க சித்தப்பா வார்டு மெம்பருக்கு நாமினேஷன் போட்டாரு. பரிசீலனை அன்னைக்கு மனுவ தள்ளிட்டாங்க. முன்மொழிஞ்சவரோட வாக்காளர் பட்டியல் வரிசை எண்ணுல ஒரு நம்பர் மாறிப்போச்சாம், அவ்ளோதான். லிஸ்ட்ட விரிச்சு "இந்தாங்க சார் பேரு இருக்கு பாருங்க"ன்னு காட்டுனோம், கேக்கல. சரி கோர்ட்டுக்கு போயிடலாம்னு வக்கீலா இருக்கிற மச்சானுக்கு போன் போட்டா, "இப்ப எந்த கோர்ட்டும் கை வைக்காது மாப்ள, எலக்‌ஷன் முடியட்டும், அப்புறம்தான் கேஸு"ன்னாரு. அதாவது வேற யாரோ நின்னு ஜெயிச்சு பதவி ஏத்து ஒக்காந்தப்புறம் நாங்க ஜில்லா கோர்ட்டுல போய் எங்க சித்தப்பாவ நிக்க விட்டிருக்கணும்னு வாதாடணும். சித்தப்பா "அந்தக் காசுக்கு ஒரு எருமக்கன்னு வாங்கலாம், போடா"ன்னு முடிச்சுட்டாரு.

அதுவரைக்கும் நான் பக்கா கோர்ட்டு கட்சி. ஓட்டுக்கு காசு வாங்குற ஊருல ஓட்டர்கிட்ட போய் தகுதிய முடிவு பண்ண சொல்றதான்னு பேசிட்டு திரிஞ்சவன். இப்ப ஒரு எழுபது பங்கு ஓட்டர் பக்கம், முப்பது பங்கு கோர்ட்டு பக்கம். ஏன் மாறுனேன்னா ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான், நேரம். அதப் பத்தி நெறைய பேசப்போறேன், மத்தத சுருக்கமா முடிச்சுக்கிறேன்.

மொதல்ல சண்டையே தேவையில்லாத பகுதி. சட்டசபைக்கு 25 வயசு ஆகணும், இந்தியக் குடிமகனா இருக்கணும், இதெல்லாம் பேப்பர பாத்து சொல்ற விஷயம், இதுக்கு ஓட்டர் எதுக்கு. இலங்கையில 2015ல ஜெயிச்சு பார்லிமென்ட்டுக்கு போன நடிகை கீதா குமாரசிங்கவுக்கு சுவிட்சர்லாந்து குடியுரிமையும் இருக்குன்னு சொல்லி 2017ல அங்க உச்சநீதிமன்றம் பதவிய பறிச்சுது. காலி மாவட்டத்து ஓட்டர் யாரு வேட்பாளரோட பாஸ்போர்ட்ட வாங்கி பாத்திருப்பா? இந்த மாதிரி விஷயம் கோர்ட்டுக்கே. தகராறு எங்கன்னா, கேஸு தண்டன சொத்துக்கணக்கு இதையெல்லாம் வச்சு ஒருத்தர நிக்கலாம் நிக்கக்கூடாதுன்னு சொல்ற எடத்துல.

நாங்க நாமக்கல் பக்கம். சித்தப்பா விஷயத்துல மச்சான் சொன்ன "எலக்‌ஷன் முடியட்டும்" இருக்கு பாருங்க, அந்த ரூல ஆரம்பிச்சு வச்ச கேஸே நம்ம ஊரு கேஸுதானாம். நாட்டோட மொத பொதுத்தேர்தல்ல நாமக்கல் தொகுதிக்கு மனு போட்ட என்.பி.பொன்னுசாமிங்கறவரோட மனுவ 1951 நவம்பர்ல தள்ளிட்டாங்க. அவரு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போனாரு, அப்புறம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாரு. 1952 ஜனவரியில தீர்ப்பு வந்துச்சு. அரசியல் சட்டத்துல 329வது பிரிவு தேர்தல் நடந்துட்டு இருக்கும்போது கோர்ட்டு தலையிடக்கூடாதுன்னு சொல்லுது, எல்லாம் முடிஞ்சப்புறம் தேர்தல் மனு போட்டுக்கோங்கன்னுட்டாங்க. நியாயமாவும் இருக்கு, மனு தள்ளுபடி ஆன ஒவ்வொருத்தரும் ஸ்டே வாங்கிட்டு வந்தா ஒரு தேர்தலும் நடக்காது. ஆனா இதோட விளைவு என்னன்னா கோர்ட்டுல தகுதிய முடிவு பண்றதுன்னாலே நம்ம நாட்டுல பெரும்பாலும் அது ஓட்டுப் போட்டு முடிச்சப்புறம் நடக்கிற வேலை. பந்தி முடிஞ்சப்புறம் எலை போடுற கதை.

சரி எலக்‌ஷன் முடிஞ்சப்புறமாவது சீக்கிரம் முடியுதா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல தேர்தல் மனுவ 6 மாசத்துக்குள்ள முடிக்க முயற்சி பண்ணணும்னு எழுதியிருக்கு. முயற்சி பண்ணணும், அவ்ளோதான். 2016ல ராதாபுரத்துல இன்பதுரை 49 ஓட்டுல ஜெயிச்சாரு, தோத்த அப்பாவு தபால் ஓட்டுகள தப்பா தள்ளிட்டாங்கன்னு மனு போட்டாரு. ஹைகோர்ட்டு மறுபடி எண்ண சொன்னது 2019 அக்டோபர்ல. எண்ணியும் முடிச்சாங்க, ஆனா ரிசல்ட்ட சொல்லக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு ஸ்டே. 2021ல சட்டசபையே முடிஞ்சுபோச்சு. அந்த வருஷத் தேர்தல்ல அதே ராதாபுரத்துல அதே அப்பாவு நின்னாரு, ஜெயிச்சாரு, சபாநாயகராவும் ஆயிட்டாரு. அஞ்சு வருஷமா கோர்ட்டால முடிக்க முடியாதத ஓட்டர் ஒரே நாள்ல முடிச்சு விட்டுட்டாங்க. தேனியிலயும் கிட்டத்தட்ட இதே கதைதான், 2019ல ஜெயிச்ச ரவீந்திரநாத்தோட வெற்றி செல்லாதுன்னு ஹைகோர்ட்டு சொன்னது 2023 ஜூலையில, அதுக்கும் சுப்ரீம் கோர்ட்டுல ஸ்டே கெடச்சு அவரு மிச்ச காலத்தையும் ஓட்டிட்டாரு. தீர்ப்பு சரியா தப்பாங்கறத விடுங்க, தேனிக்காரங்களுக்கு அதனால என்ன மாறுச்சு?

இதுல பெரிய உதாரணம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஜெயலலிதா. 1996 மே மாசம் பர்கூர்ல மக்கள் அவங்கள தோற்கடிச்சாங்க. சொத்துக்குவிப்பு வழக்கு பதிவானதே அதே வருஷம் செப்டம்பர்ல, அதாவது ஓட்டரோட தீர்ப்பு எஃப்.ஐ.ஆருக்கே முன்னாடி வந்துடுச்சு. அப்புறம் வழக்கு பெங்களூருக்கு போச்சு, 2014 செப்டம்பர்ல தண்டன, பதவி போச்சு, 2015 மேயில ஹைகோர்ட்டுல விடுதலை, திரும்ப முதல்வர், 2017 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலைய ரத்து பண்ணுச்சு. அப்ப அவங்க உயிரோட இல்ல. அதனால அவங்களப் பொறுத்தவரைக்கும் வழக்கு அத்தோட முடிஞ்சுது, வழக்குல கூட இருந்த மத்த மூணு பேருக்குத்தான் ஜெயில். இடையில ஆண்டிப்பட்டியில ரெண்டு தடவ, ஸ்ரீரங்கத்துல ஒரு தடவ, ஆர்.கே.நகர்ல ரெண்டு தடவ ஓட்டர் அவங்கள தேர்ந்தெடுத்தாங்க. அந்த அஞ்சு தடவையும் ஓட்டர் தப்பு பண்ணாங்கன்னு நீங்க சொல்லலாம், சொல்லுங்க, நான் சண்டைக்கு வரல. ஆனா 20 வருஷத்துக்கு மேல கோர்ட்டு உறுதியா ஒரு பதில சொல்லாதப்ப, அந்த எடத்துல யாராவது ஒருத்தர் பதில் சொல்லித்தானே ஆகணும்.

கோர்ட்டால வேகமா சொல்லவே முடியாதான்னா, முடியும். அமெரிக்காவுல கொலராடோ மாநில சுப்ரீம் கோர்ட்டு 2023 டிசம்பர் 19ல ட்ரம்ப் பேர பிரைமரி (கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற தேர்தல்) வாக்குச்சீட்டுல போடக்கூடாதுன்னு 4க்கு 3ன்னு தீர்ப்பு குடுத்துச்சு. கலகத்துல ஈடுபட்டவரு பதவிக்கு வரக்கூடாதுன்னு உள்நாட்டுப் போருக்கு அப்புறம் கொண்டுவந்த 14வது திருத்தம் இருக்கே, அத வச்சு. 2024 மார்ச் 4ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 9 பேரும் சேந்து அத ரத்து பண்ணாங்க, மறுநாள் அங்க பிரைமரி! மாநில சுப்ரீம் கோர்ட்டுல இருந்து நாட்டோட சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் ரெண்டரை மாசத்துல முடிச்சுட்டாங்க, அதுவும் ஓட்டுப்பதிவுக்கு முன்னாடி. ஆனா இதுலயும் ஒண்ணு பாருங்க, அவரு கலகம் பண்ணாரா இல்லையாங்கற கேள்விக்கே சுப்ரீம் கோர்ட்டு போகல, தேசியப் பதவிக்கு நிக்கிறவர இந்தப் பிரிவ வச்சு தடுக்க மாநிலத்துக்கு அதிகாரமில்ல, அது காங்கிரஸோட, அதாவது அவங்க பார்லிமென்ட்டோட வேலைன்னு முடிச்சுட்டாங்க. கேள்வி சுத்தி சுத்தி நவம்பர்ல ஓட்டர்கிட்டயே வந்து நின்னுச்சு. கொலராடோ ஓட்டர் கமலா ஹாரிஸ் பக்கம் போனாங்க, நாடு வேற பக்கம் போச்சு.

இதையெல்லாம் சொன்னப்ப மச்சான் சிரிச்சாரு. "ஜெயிச்சாலே தகுதின்னா 22 வயசுப் பையன் ஜெயிச்சா என்ன பண்ணுவ? 2001ல என்ன நடந்துச்சு?"ன்னாரு. நல்ல கேள்விதான். 2001ல டான்சி வழக்கு (அரசு நிறுவனத்தோட நிலத்த வாங்குனதப் பத்தின ஊழல் வழக்கு) தண்டனையால ஜெயலலிதாவால எந்தத் தொகுதியிலயும் நிக்க முடியல, போட்ட நாலு மனுவும் தள்ளுபடி (அதுல ரெண்டு, ரெண்டு தொகுதிக்கு மேல நிக்கக்கூடாதுங்கற ரூல்ல போனது), ஆனா கட்சி ஜெயிச்சுது. ஆளுநர் ஃபாத்திமா பீவி, அவங்களே சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் நீதிபதி, ஜெயலலிதாவுக்கு முதல்வரா பதவிப் பிரமாணம் பண்ணி வச்சாங்க. செப்டம்பர் 21ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதிகள் சேந்து அந்த நியமனம் செல்லாதுன்னாங்க. மக்கள் தீர்ப்பு பெருசுதான், ஆனா அரசியல் சட்டத்துக்கு மேல இல்லங்கறது அந்த தீர்ப்போட சாரம். இத என்னால மறுக்க முடியல. என்னோட முப்பது பங்கு இங்கதான் இருக்கு. சட்டம் தெளிவா கோடு போட்டிருந்தா கோர்ட்டு அந்தக் கோட்ட காட்டித்தான் ஆகணும்.

ஆனா அந்தக் கோடு எவ்ளோ மெல்லிசுன்னு 2023ல பாத்தோம். 2 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனைன்னா பதவி போகும், தண்டன முடிஞ்சு வெளிய வந்த பின்னாடியும் 6 வருஷம் நிக்க முடியாது. முன்னாடி பதவியில இருக்கிறவங்க மூணு மாசத்துக்குள்ள அப்பீல் பண்ணா பதவி தங்கும்னு ஒரு சலுகை இருந்துச்சு, 2013 ஜூலையில லில்லி தாமஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு அத அடிச்சுட்டாங்க. அந்த சலுகைய திரும்பக் கொண்டுவர அவரோட கட்சி அரசாங்கம் போடப் பாத்த அவசரச் சட்டத்த கிழிச்சுப் போடணும்னு சொன்ன ராகுல் காந்திக்கே பத்து வருஷம் கழிச்சு சூரத் கோர்ட்டு அவதூறு வழக்குல சரியா 2 வருஷம் குடுத்து, மறுநாளே எம்.பி. பதவி போச்சு. ஒரே ஒரு நாள் கொறச்சு குடுத்திருந்தா பதவி போயிருக்காதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லித்தான் ஆகஸ்ட்ல தண்டனைய நிறுத்தி வச்சுது. வயநாட்டுல 4 லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிக்க வச்சவங்களுக்கு நாலு மாசத்துக்கு மேல எம்.பி.யே இல்ல. ஒரு மாஜிஸ்ட்ரேட்டு, ஒரு நாள் தண்டன வித்தியாசம், இந்தப் பக்கம் இத்தன லட்சம் ஓட்டு. எனக்கு இது ஒத்துக்கவே முடியல, அவரு எந்தக் கட்சியா இருந்தாலும்.

இன்னொண்ணு, சட்டத்த வச்சுத்தானே கோர்ட்டு பேசும், அந்த சட்டம் யார் கையில இருக்கு? 1971 ரேபரேலி தேர்தல்ல முறைகேடுன்னு 1975 ஜூன் 12ல அலகாபாத் ஹைகோர்ட்டு இந்திரா காந்தி வெற்றிய ரத்து பண்ணி 6 வருஷம் நிக்கவும் தடை போட்டுச்சு. எவ்ளோ துணிச்சலான தீர்ப்பு. அப்புறம் ரெண்டு வாரத்துக்குள்ள எமர்ஜென்சி, தேர்தல் சட்டத்தையே பழைய தேதியில இருந்து செல்லுற மாதிரி மாத்தினாங்க, மாத்துன சட்டத்துப்படி நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அவங்க வெற்றி செல்லும்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு. 1977ல அதே ரேபரேலியில, 1971ல தோத்துட்டு அந்தக் கேஸ போட்ட அதே ராஜ்நாராயண்கிட்ட அவங்க தோத்தாங்க. இந்தத் தடவ திருத்தம் போட எதுவும் இல்ல, ராஜினாமா பண்ணிட்டு போனாங்க.

இப்ப என் பக்கத்தோட ஓட்டையையும் சொல்லிடறேன். 2024ல ஜெயிச்ச 543 எம்.பி.க்கள்ல 251 பேரு தங்கள் மேல கிரிமினல் கேஸு இருக்குன்னு அவங்களே பிரமாணப் பத்திரத்துல எழுதிக் குடுத்திருக்காங்க. அத ஓட்டர் படிச்சுட்டு போட்டாங்களா படிக்காம போட்டாங்களா? நான் படிச்சதில்ல, மொத தடவ ஓட்டு போட்டப்ப அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. ஆர்.கே.நகர் இடைத்தேர்தல 2017 ஏப்ரல்லயும் வேலூர் எம்.பி. தேர்தல 2019லயும் பணப்பட்டுவாடான்னு சொல்லி நிறுத்துனாங்க, அப்படி இருக்கிற எடத்துல ஓட்டர் தீர்ப்புன்னு எத சொல்றது. ஜெயில்ல விசாரணைக் கைதியா இருக்கிறவரு ஓட்டுப் போட முடியாது, ஆனா நிக்கலாம், 2024ல காஷ்மீர்ல பாராமுல்லாவுல அப்படி ஒருத்தரு ஜெயில்ல இருந்தே ஜெயிச்சாரு, பஞ்சாப்ல கடூர் சாஹிப்ல தடுப்புக்காவல்ல இருந்த ஒருத்தரும் ஜெயிச்சாரு. அது சரியான்னு கேட்டா எனக்கே ரெண்டு மனசு. கேஸு போட்டாலே நிக்கக்கூடாதுன்னா ஆளுங்கட்சி எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன விடாம கேஸு போட்டுத் தள்ளிடும், அதனாலதான் 2018ல சுப்ரீம் கோர்ட்டே குற்றச்சாட்டு பதிவானத வச்சு நாங்க தடை போட மாட்டோம், வேணும்னா பார்லிமென்ட் சட்டம் போடட்டும்னு ஒதுங்கிடுச்சு.

எதையாவது ஒண்ண எடுத்துக்கடான்னா நான் இன்னமும் ஓட்டரத்தான் எடுப்பேன், ஏன்னா அதுக்கு ஒரு தேதி இருக்கு. இத சொன்னா மச்சான் விட மாட்டேங்கறாரு. உள்ளாட்சிக்கு ஏது மாப்ள தேதிங்கறாரு. அவரு சொல்றதும் சரிதான், 2016 அக்டோபர்ல நடக்க வேண்டியத ஹைகோர்ட்டு ரத்து பண்ணி அது 2019 டிசம்பர் வரைக்கும் இழுத்துச்சு, அப்ப ஜெயிச்சவங்க காலம் 2025 ஜனவரியில முடிஞ்சதும் மறுபடி தனி அலுவலர் வந்துட்டாரு. சித்தப்பா மட்டும் அடுத்த தடவைக்கு ரெடி, முன்மொழியப் போறவரோட பட்டியல் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் பண்ணி, அந்த வரிசை எண்ண செவப்பு மையில வட்டம் போட்டு பீரோவுல வச்சிருக்காரு. புதுப் பட்டியல் வந்தா நம்பர் மாறிடும் சித்தப்பான்னு நான் இன்னும் சொல்லல.