நெகேமியாவா, 2 கொரிந்தியரா?
சபையில் புதிதாகப் பொறுப்பேற்றவர் இந்த இரண்டு வேதாகமப் புத்தகங்களில் எதை முதலில் வாசிக்கலாம்? இரண்டிலும் 13 அதிகாரங்கள்தான்.

வாசிக்க: நெகேமியா கதையாக ஓடும் (3ஆம் அதிகாரப் பெயர்ப் பட்டியல் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும்). 2 கொரிந்தியர், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதம். அவர் மனம் தாவிக்கொண்டே இருக்கும்.

வேலைக்கு: நெகேமியா ஜெபிக்கிறார், இரவில் எருசலேமின் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்க்கிறார், 52 நாளில் கட்டி முடிக்கிறார். பவுலிடம் திட்டம் தேடாதீர்கள்.

பணம்: நெகேமியா 12 வருடம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. பவுல் காணிக்கையைத் தனியாகக் கையாளாமல் கூட ஆட்களை வைத்துக்கொள்கிறார். பொருளாளருக்கு 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் கட்டாயம்.

எதிர்ப்பு வந்தால்: நெகேமியா வேலையை விட்டு இறங்கி வர மறுக்கிறார். கடைசி அதிகாரத்தில் ஆட்களின் மயிரையே பிய்க்கிறார், அதைப் பின்பற்ற வேண்டாம்! பவுல் அழுததையும் எழுதுகிறார். ‘மாம்சத்தில் முள்’ என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை, கிருபை போதும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

கட்டட வேலை, முகாம் என்றால் நெகேமியா. சொந்த சபையாரே சந்தேகப்பட்டுச் சோர்ந்திருந்தால் 2 கொரிந்தியர். நேராக 10ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்கலாம்.