சோல் ரெக்கார்டு ஒரிஜினலா, பின்னாடி அடிச்சதா: கலரைப் பாக்காதீங்க, ரன்-அவுட்டைப் படிங்க

சோல்ங்கறது 1960கள்ல அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பிரபலமாக்கின பாட்டு வகை. பழைய அமெரிக்க சோல் ரெக்கார்டு வாங்கறவங்க முக்கால்வாசிப் பேர் முதல்ல பாக்கறது நடுவுல இருக்கற லேபிளோட கலரைத்தான். ஸ்டாக்ஸ் கம்பெனின்னா நீலமா, மோடவுன் கம்பெனியோட டாம்லான்னா மஞ்சளா, சரி ஒரிஜினல்தான்னு அதோட முடிவு பண்ணிடுவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாங்கிட்டிருந்தேன். ஆனா லேபிள்ங்கறது வெறும் அச்சடிச்ச காகிதம். அதே டிசைனை யார் வேணா திரும்ப அச்சடிக்கலாம். பாட்டு முடிஞ்ச இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல வழவழன்னு ஒரு வளையம் இருக்கு பாருங்க, ரன்-அவுட்னு சொல்றது, அங்க கீறியிருக்கறதையும் குத்தியிருக்கறதையும் படிச்சாத்தான் இந்தத் தட்டு எங்க பிறந்துச்சுன்னே தெரியும். டேபிள் லைட்டுக்குக் கீழ தட்டை லேசா சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா சுத்துங்க, ஒரு கோணத்துல எழுத்து டக்குனு வெள்ளையா எழும்பி நிக்கும்.

சந்தைல கிடைக்கறது நாலு வகை. பாட்டு வந்த வருஷமே அடிச்ச ஒரிஜினல், அதே கம்பெனி அஞ்சாறு வருஷமோ பத்து வருஷமோ கழிச்சு திரும்ப அடிச்சது, இப்ப வர்ற 180 கிராம் எடையுள்ள ரீஇஷ்யூ (மறு வெளியீடு), அப்புறம் உரிமையே இல்லாம அடிச்ச பூட்லெக். முதல் மூணும் நேர்மையான சரக்கு, எது உங்களுக்கு வேணும்ங்கறதுதான் கேள்வி. நாலாவதை மட்டும் ஒரிஜினல் விலைக்கு வாங்கிடக் கூடாது.

ஸ்டாக்ஸ்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்க வரலாறே உதவி பண்ணுது. மெம்ஃபிஸ் கம்பெனியான ஸ்டாக்ஸை 1968 வரைக்கும் நியூயார்க் கம்பெனியான அட்லாண்டிக்தான் விநியோகம் பண்ணுச்சு. அந்தக் காலத்து ஸ்டாக்ஸ் சிங்கிள்னா (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்னத் தட்டு) நீல லேபிள், அடுக்கி வெச்ச ரெக்கார்டு படம். 1968ல ரெண்டு பேரும் பிரிஞ்சப்போ, அதுவரைக்கும் அட்லாண்டிக் விநியோகம் பண்ணின மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம்னு ஒப்பந்தத்துல இருந்தது ஸ்டாக்ஸ்காரங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது, நினைச்சாலே வயிறு எரியும். அதுக்கப்புறம் ஸ்டாக்ஸ் போட்டது மஞ்சள் லேபிள், சொடக்குப் போடற விரல். ஸ்டாக்ஸோட துணை லேபிள் வோல்ட், அட்லாண்டிக்கோடது அட்கோ. 1965ல வந்த வோல்ட் ஆல்பம் ஒண்ணு அட்கோ லேபிளோட அமெரிக்கத் தட்டா உங்க கைக்கு வந்தா வேற எதுவும் பாக்கவே வேண்டாம், அது பின்னாடி அடிச்சது.

ஆனா முதல் வருஷத்துலயே ரெண்டு லேபிள் இருக்கலாம், அங்கதான் நிறையப் பேர் சறுக்கறாங்க. புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழுவோட 'க்ரீன் ஆனியன்ஸ்' 1962ல முதல்ல வோல்ட் 102ன்னு வந்துச்சு, அதுவும் பி சைடா. பாட்டு பத்திக்கிட்டதும் ஸ்டாக்ஸ் 127ன்னு மாத்தி ஏ சைடா போட்டாங்க. நீல ஸ்டாக்ஸ் வெச்சிருக்கறவர் முதல் பிரெஸ்ஸிங், அதாவது முதல் தடவை அடிச்சதுன்னு சொல்லுவார், அவர் பொய் சொல்லலை, அதுவும் 1962தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு.

அடுத்தது அட்லாண்டிக் எல்பி, அதாவது முழு ஆல்பம் இருக்கற பெரிய தட்டு. அரீதா ஃப்ராங்க்ளினோட முதல் அட்லாண்டிக் ஆல்பம், 1967, நம்பர் 8139. மோனோ ஒரிஜினல்னா சிவப்பும் கருஞ்சிவப்புமான லேபிள், ஸ்டீரியோன்னா பச்சையும் நீலமும். 1960களோட கடைசில லேபிள் பச்சையும் சிவப்புமா மாறுது, ஓரத்துல 1841 பிராட்வேன்னு விலாசம் வருது. 1970களோட நடுவுல அந்த விலாசம் 75 ராக்கஃபெல்லர் பிளாசாவா மாறி, வார்னரோட டபிள்யூ சின்னமும் சேர்ந்துக்குது. விலாசத்தைப் படிச்சாலே எந்தக் காலத்துத் தட்டுன்னு சொல்லிடலாம். ஆனா ரன்-அவுட்ல ஒரு விஷயத்துல கவனம் வேணும். 1967க்கு அப்புறம் அட்லாண்டிக் ஸ்டீரியோ மேட்ரிக்ஸ் நம்பர்ல (ரன்-அவுட்ல இருக்கற அடையாள நம்பர்) எஸ்டி-ஏ போட்டு முதல் ரெண்டு இலக்கம் வருஷமா இருக்கும், 68, 69ன்னு. அது மாஸ்டருக்கு நம்பர் போட்ட வருஷம், தட்டு அடிச்ச வருஷம் இல்ல. அதே 68 நம்பர் 1976ல அடிச்ச தட்டுலயும் இருக்கும்.

ஃபாக்டரி முத்திரைதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்த மோனார்க் ஃபாக்டரில அடிச்சதுன்னா ரன்-அவுட்ல சின்ன முக்கோணம், பக்கத்துல ஒரு நம்பர். இதை டெல்டா நம்பர்னு சொல்லுவாங்க, அது வரிசையா ஏறிக்கிட்டே போற நம்பர், அதனால ஒரு தட்டுக்கான அச்சு எந்த வருஷத்துலன்னு மட்டும் இல்ல, கிட்டத்தட்ட எந்த மாசத்துல தயாராச்சுன்னே சொல்லலாம். டெட்ராய்ட் கம்பெனியான மோடவுனோட தட்டு நிறைய அடிச்சது மிச்சிகன்ல ஒவாஸோங்கற ஊர்ல இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரெஸ்ஸிங், ஏஆர்பின்னு மூணு எழுத்தையும் சேர்த்துக் கோத்த மாதிரி குட்டியா ஒரு முத்திரை இருக்கும். அந்த ஃபாக்டரி 1972ல எரிஞ்சே போச்சு. அதனால அந்த முத்திரையைப் பாத்தா எனக்கு ஒரு நிம்மதி, அதுக்கப்புறம் அங்க யாரும் எதுவும் அடிச்சிருக்க முடியாது.

இப்ப 45 சிங்கிளுக்கு (நிமிஷத்துக்கு 45 தடவை சுத்தறது) வர்றேன், ஏமாத்து வேலை அதிகமா நடக்கறது அங்கதான். ஒரு தடவை ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 1966 கலிஃபோர்னியா சிங்கிள் ஒண்ணு ஒரிஜினல்னு நம்பி வாங்கினேன், ஃபோட்டோல லேபிள் அச்சு அசலா இருந்துச்சு. பார்சலைப் பிரிச்சுக் கையில எடுத்த உடனேயே என்னமோ சரியில்லைன்னு பட்டுச்சு. அதோட ஒரிஜினல் மோனார்க்ல அடிச்சது, மோனார்க் சிங்கிள் பெரும்பாலும் ஸ்டைரீன், உருக்கி அச்சுல ஊத்தின பிளாஸ்டிக். லேசாவும் விறைப்பாவும் இருக்கும், நகத்தால தட்டினா டிக்குனு கூர்மையா ஒரு சத்தம் வரும், லேபிளை தனியா மேல ஒட்டியிருப்பாங்க. எனக்கு வந்தது வினைல், வளைச்சா வளையுது, தட்டினா மொத்தையா ஒரு சத்தம், லேபிள் தட்டோட சேர்த்து அழுத்தியிருக்கு. லென்ஸ் வெச்சுப் பாத்தா லேபிள் எழுத்தோட ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கு, ஒரு ஒரிஜினலை ஃபோட்டோ எடுத்துத் திரும்ப அச்சடிச்சா அப்படித்தான் ஆகும். ரன்-அவுட்ல முக்கோணமும் இல்ல, ஒரு முத்திரையும் இல்ல, யாரோ கையால கோணலா கீறின நம்பர் மட்டும். காசு திரும்ப வரவே இல்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கு.

கையால கீறியிருந்தாலே போலின்னு மட்டும் எடுத்துக்காதீங்க, அந்தக் காலத்துல நல்ல ஃபாக்டரிகள்லயும் மேட்ரிக்ஸ் நம்பரைக் கையால எழுதியிருக்காங்க. ஒரே சிங்கிளை கிழக்குக் கரைல வினைல்லயும் மேற்குக் கரைல ஸ்டைரீன்லயும் அடிச்சதும் சகஜம். அதனால அந்தக் குறிப்பிட்ட சிங்கிளோட ஒரிஜினல் எந்தெந்த ஃபாக்டரில அடிச்சாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், அப்புறம்தான் கையில இருக்கறதோட ஒத்துப் பாக்கணும்.

இவ்வளவு போலி எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பெரும்பாலும் இங்கிலாந்தோட நார்தர்ன் சோல் கூட்டத்தாலதான், அபூர்வமான அமெரிக்க சோல் சிங்கிளைத் தேடிப் போட்டு ஆடினவங்க. 1973லேர்ந்து 1981 வரைக்கும் விகன் கசினோங்கற டான்ஸ் கிளப்ல ராத்திரி முழுக்க ஆடினவங்களுக்கு அமெரிக்கால யாரும் வாங்காம விட்ட சிங்கிள்கள்தான் உயிர். ஊர்ல பத்து காப்பி கூட இல்லாத பாட்டுக்கு ஆயிரக்கணக்குல ஆசைப்படறவங்க இருந்தா பூட்லெக் அடிக்கறவன் சும்மா இருப்பானா? இதுக்கு உச்சம் ஃப்ராங்க் வில்சனோட 'டூ ஐ லவ் யூ'. 1965ல மோடவுனோட துணை லேபிள்ல (அதோட பேரே சோல்) 35019ன்னு நம்பர் போட்டு டெமோ, அதாவது மாதிரித் தட்டு, அடிச்சு, வெளியிடாமலே விட்டுட்டாங்க, தப்பிச்சது விரல் விட்டு எண்ணற அளவுதான். 2009ல ஒண்ணு 25,000 பவுண்டுக்கு மேல போச்சு, 2020ல 1,00,000 பவுண்டுக்கு ஒண்ணு கை மாறுச்சு. ஆனா அதே பாட்டை 1979ல டாம்லா மோடவுன் இங்கிலாந்துல முறைப்படி டிஎம்ஜி 1170ன்னு வெளியிட்டாங்க. பாட்டு வேணும்னா அதை வாங்குங்க. அந்த 1965 சோல் லேபிள் தட்டுன்னு சொல்லி சாதாரண விலைக்கு ஒருத்தர் குடுத்தா கைகூப்பிட்டு நகர்ந்துடுங்க.

இங்கிலாந்துத் தட்டைப் பத்தி இன்னும் ஒண்ணு. டாம்லா மோடவுன் லேபிள் அங்க ஆரம்பிச்சதே 1965 மார்ச்சுலதான், அதுக்கு முந்தின மோடவுன் பாட்டு அந்த லேபிள்ல இருந்தா அது முதல் இங்கிலாந்துப் பிரெஸ்ஸிங் இல்ல. லேபிளைச் சுத்தி ஓரத்துல ஓடற பொடி எழுத்தையும் படிங்க, கிராமஃபோன் கம்பெனின்னு இருந்தா 1973க்கு முந்தினது, ஈஎம்ஐ ரெக்கார்ட்ஸ்னு இருந்தா பிந்தினது.

வேகமா தேதி போட சில சங்கதி: விலாசத்துல அமெரிக்க ஜிப் கோடு இருந்தா 1963 ஜூலைக்கு அப்புறம்தான். வட்டத்துக்குள்ள பி (P) எழுத்து அமெரிக்கத் தட்டுல வந்தது 1970களோட ஆரம்பத்துல, ஒலிப்பதிவுக்குன்னு காப்புரிமைச் சட்டம் வந்த பிறகு. ஸ்லீவ்ல பார்கோடு இருந்தா 1970களோட கடைசி, இல்லைன்னா அதுக்கும் பின்னாடி. எடையை மட்டும் நம்பாதீங்க, 1960கள்லயும் கனமான தட்டு உண்டு.

சரி, கேக்கறதுக்கு எது? 45 சிங்கிள்னா என் ஓட்டு ஒரிஜினலுக்குத்தான், ரேடியோலயும் ஜூக்பாக்ஸ்லயும் மத்த பாட்டை மீறிக் கேக்கணும்னு சத்தமா வெட்டின மோனோ அது, டிரம்ஸ் நெஞ்சுல வந்து இடிக்கும். ஆனா ஸ்டைரீன் சீக்கிரம் தேஞ்சிடும், பாக்கறதுக்கு பளபளன்னு இருக்கும், முள்ளை வெச்சா இரைச்சல்தான், அதனால போட்டுக் கேக்காம வாங்காதீங்க. எல்பின்னா எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்ல. 1841 பிராட்வே விலாசத்தோட வர்ற அட்லாண்டிக் தட்டு, ஒரிஜினல் விலைல ஒரு பங்குதான் ஆகும், சத்தத்துல பெரிய குறை எதுவும் எனக்குக் கேக்கலை. புது 180 கிராம் ரீஇஷ்யூல எந்த மூலத்துலேர்ந்து வெட்டினாங்கன்னு பின்னட்டைல தெளிவா எழுதியிருந்தா வாங்குவேன், ஒரு வார்த்தை கூட இல்லைன்னா விட்டுடுவேன்.

1965ல வந்த, பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கோட 'ஓடிஸ் ப்ளூ' ஆல்பத்துக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மோனோ வோல்ட் 412ல இருக்கற 'ஐ ஹேவ் பீன் லவிங் யூ டூ லாங்' ஏற்கெனவே சிங்கிளா வந்த ரெக்கார்டிங். ஸ்டீரியோ எஸ்-412க்காக ஜூலைல அதைத் திரும்பப் பாடியிருக்கார். ரெண்டும் வேற வேற பாட்டு மாதிரிதான், மோனோல கெஞ்சறார், ஸ்டீரியோல கொஞ்சம் நிதானமா நின்னு சொல்றார். அதனால ஸ்டீரியோலேர்ந்து அடிச்ச ரீஇஷ்யூ எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்தக் கெஞ்சல் அதுல கிடையாது. 2008ல வந்த ரைனோ பதிப்புல மோனோவும் ஸ்டீரியோவும் ரெண்டுமே இருக்கு, அது சிடிதான், ஆனா முதல்ல அதைக் கேட்டு ரெண்டு குரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, அப்புறம் எந்தத் தட்டைத் தேடணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். நான் தேடினது மோனோ. கிடைச்சதுல முதல் சைடுல ரெண்டு இடத்துல பட் பட்னு வெடிக்குது, ஸ்லீவோட மேல் ஓரம் கிழிஞ்சு பழைய டேப் ஒட்டியிருக்கு, ஞாயித்துக்கிழமை காலைல நான் போடறது அதைத்தான்.