குறைத்துக்கொண்டே போவதா, ஒரே நாளில் நிறுத்துவதா? சிகரெட்டை விட இரண்டு வழிகள்

பத்தை எட்டாக்கி, எட்டை ஐந்தாக்கி, பொங்கலுக்குள் முழுசாக விட்டுவிடலாம். சிகரெட்டை விட நினைப்பவர்களில் பலர் போடும் திட்டம் இதுதான். இன்னொரு வழி, ஒரு தேதி குறித்து அன்று காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை என்று நிறுத்துவது. சிகரெட்டில் அடிமையாக்கும் பொருளான நிக்கோட்டினை உடல் கேட்கும்போது கொடுக்க, 12 வாரம் நிக்கோட்டின் சூயிங்கம் (கம்) வைத்துக்கொள்வது. என் சாய்வு இரண்டாவது வழியின் பக்கம்.

பிரிட்டனில் 697 பேரை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளியானது. ஒரு பிரிவினர் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். மருந்தும் ஆலோசனையும் இரு பிரிவுக்கும் உண்டு. நான்கு வாரம் கழித்து, ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேரும் குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம் பேரும் புகைக்காமல் இருந்தார்கள். ஆறு மாதத்தில் அது 22, 15.5 என்று இறங்கியது. இரண்டு வழியிலுமே சறுக்கியவர்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

குறைக்கும் வழி ஏன் பின்தங்குகிறது? எண்ணிக்கை குறைந்தாலும் உடல் கேட்கும் நிக்கோட்டின் குறைவதில்லை. மிச்சமிருக்கும் ஐந்தையும் ஆழமாக இழுத்து, புகையைக் கொஞ்சம் கூடுதலாக நெஞ்சில் நிறுத்தி, பஞ்சு சுடும்வரை பிடிப்பார்கள். சிகரெட் பாதியானால் நெஞ்சுக்குள் போகும் புகையும் பாதியாகும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போகிறது. நெடுநேரம் காத்திருந்து பிடிக்கும் ஒன்று முன்பைவிட அதிகமாக ருசிக்கும். மூளை அதை ஒரு பரிசாகவே பதிந்துகொள்கிறது.

இதயத்தைப் பொறுத்தவரை குறைப்பதால் கிடைப்பது இன்னும் சொற்பம். 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஆய்வுப்படி, நாளுக்கு 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. அடியோடு நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் புகையால் ரத்தத்தில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வெளியேறிவிடும். ஓராண்டில் அந்தக் கூடுதல் ஆபத்து ஏறத்தாழ பாதியாகும்.

வீட்டுக்குள் நடப்பது வேறு. குறைத்துக்கொண்டே வரும்போது முதலில் போவது அலுவலக டீக்கடையில் பிடிப்பவை. கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எழுந்ததும் பிடிப்பதும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிடிப்பதும்தான். அதாவது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பிடிப்பவை. பால்கனியில் நின்றாலும் புகை ஜன்னல் வழியே உள்ளே வரும். சட்டையில் ஒட்டியது, குழந்தையைத் தோளில் போடும்போது அதன் மூக்குக்கு எட்டும். இதோடு, “இன்னைக்கு எத்தனை ஆச்சு?” என்ற கேள்வி தினமும் எழும். மனைவி எண்ணுவார், கணவர் மறைப்பார். மாதக்கணக்கில் அது ஒரு சண்டையாகவே நிற்கும்.

ஒரேயடியாக நிறுத்தினால் சிடுசிடுப்பு கடுமையாகத்தான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் உச்சம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அது அடங்கும். அதனால் தேதி குறிக்கும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். கல்யாணம், பரீட்சை, வீடு மாறுவது எதுவும் அந்த மாதத்தில் வேண்டாம்.

பணக் கணக்கு எளிது. சிகரெட் ஒன்று 18 ரூபாய், நாளுக்குப் பத்து என்று வைத்தால் 180 ரூபாய், ஆண்டுக்கு 65,700. கம் ஒன்று 10 ரூபாய் என்று வைத்து, முதல் ஆறு வாரம் நாளுக்குப் பத்து, அடுத்த மூன்று வாரம் ஐந்து, கடைசி மூன்று வாரம் மூன்று என்று போனால் மொத்தம் 5,880. அதே 12 வாரத்துக்கு ஐந்து சிகரெட்டாகக் குறைத்தவருக்கு ஆகும் செலவு 7,560. கம் மெல்லும் காலத்திலேயே முழுதாக நிறுத்தியவருக்குத்தான் செலவு குறைவு. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்க்கும் கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் மாறி உருவாகும் பொருள்) சோதனை, கம் மெல்பவரையும் புகைப்பவர் போலக் காட்டிவிடும். கம் முடிந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. எப்போது விண்ணப்பித்தாலும் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் பிறகு கிளெய்மில் சிக்கல்.

ஒரேயடியாக நிறுத்தும் வழி தோற்பதற்கு ஒரு காரணம் கம்மை மெல்லும் விதம். சாதாரண பபிள்கம் போலத் தொடர்ந்து மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், ஆசை மட்டும் தீராது. நிக்கோட்டின் இறங்க வேண்டியது வாயின் உட்தோல் வழியாக. மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போல ஆகி அந்தச் சுருக்கு அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம்முக்கு அரை மணி நேரம். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து முடியும்வரை காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா எதுவும் கூடாது. வாயில் புளிப்பு ஏறினால் நிக்கோட்டின் உள்ளே இறங்காது. நம் ஊரில் காபியைக் குடித்துக்கொண்டே கம்மைப் போட்டுவிட்டு “இது வேலைக்காகாது” என்று தூக்கிப் போடுபவர்கள் ஏராளம்.

எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவருக்கு 4 மி.கி. கம்; மற்றவர்களுக்கு 2 மி.கி. போதும். 2 மி.கி. மருந்துக்கடையில் நேரடியாகக் கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரம் வைத்து மெல்லுங்கள். ஆசை தலைக்கேறிய பிறகு போட்டால் அது வேலை செய்வதற்குள் கால் பெட்டிக்கடைக்குப் போய்விடும்.

காபியில் இன்னொரு விஷயமும் உண்டு. புகையில் இருக்கும் தார் கல்லீரலை முடுக்கிவிடுவதால், புகைப்பவர் உடலில் கஃபீன் சீக்கிரம் கரைகிறது. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி நான்கு குடித்ததுபோல் வேலை செய்யும். கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும். அதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். விடும் நாளிலேயே காபியைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநல சிகிச்சைக்குக் குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர்கள் தேதி குறிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள்.

தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பேட்ச் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு 21 மி.கி.யில் தொடங்குவது வழக்கம். அதோடு கம்மையும் சேர்த்தால், ஒன்றை மட்டும் எடுப்பதைவிடப் பலன் கூடும். ஆனால் நம் வெயிலில் வியர்வைக்கு ஓரம் பிரிந்துவிடும், இரவில் கனவுகள் தொல்லை தரும். சிகரெட் ஆசையைக் குறைக்கும் வாரெனிக்ளின் மாத்திரையை மருத்துவர்தான் எழுத வேண்டும். குமட்டல் வராமலிருக்க சாப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும். இ-சிகரெட் 2019 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது, அந்தப் பேச்சே வேண்டாம்.

நடுவில் ஒரு நாள் ஒன்று பிடித்துவிட்டால் கம்மை நிறுத்தாதீர்கள், புதுத் தேதியும் தேட வேண்டாம். மீதியைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த மணிக்கான கம்மை மெல்லுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், புகையிலை விடுவோருக்கான தேசிய இலவச எண் 1800-11-2356.